களஞ்சியம் யாருடையது?

2024 மார்ச் 29ஆம் நாள் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கணினி உலகுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு அவர் பயன்படுத்தும் கருவி, வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. அந்த அரை நொடிக்குக் காரணம் தேடிப் போனவர், கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இன்னும் சில மாதங்கள் அது கண்ணில் படாமல் போயிருந்தால், வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று லினக்ஸ் இயங்கும் எண்ணற்ற கணினிகளின் சாவி முகம் தெரியாத ஒருவரின் கைக்குப் போயிருக்கும்.

முதலாளித்துவ ஊடகங்கள் இதை ஓர் உளவுக் கதையாக எழுதின. ‘ஜியா டான்’ என்ற பெயருக்குப் பின்னால் எந்த நாடு, எந்த நிறுவனம் என்ற ஊகங்களே பக்கங்களை நிறைத்தன. அந்தப் பெயரில் இயங்கியவர் 2021இலிருந்தே சிறுசிறு திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்த கடிதங்கள், புதிய பதிப்புகள் தாமதமாகின்றன என்று எக்ஸ்இசட்டின் பராமரிப்பாளரை நெருக்கின. பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கும்படி வற்புறுத்தின. அதற்கு அந்தப் பராமரிப்பாளர் சொன்ன மறுமொழியில்தான் இந்த நிகழ்வின் சாரம் இருக்கிறது. இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதை மறக்க வேண்டாம் என்று அவர் நினைவூட்டினார். உலகின் மாபெரும் நிறுவனங்களின் கணினிகள் அனைத்திலும் ஓடும் ஒரு மென்பொருளை, ஊதியமின்றி, ஏறக்குறையத் தனியாளாக ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார். சூழ்ச்சிக்காரர் உடைத்து நுழையவில்லை. சோர்ந்து போன ஒரு தொழிலாளியிடம் “நான் கைகொடுக்கிறேன்” என்று சொல்லித்தான் உள்ளே வந்தார்.

இன்னொரு செய்தியும் போதிய கவனம் பெறவில்லை. எக்ஸ்இசட்டின் மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடந்தது. நச்சுப் பகுதி அங்கே சோதனைக் கோப்பு என்ற பெயரில் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பும் வரிகள் மட்டும் அங்கே இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டப்பட்ட பொதிக்குள்தான் அவை செருகப்பட்டிருந்தன. எழுதப்பட்ட நிரலுக்கும் மக்கள் கைக்கு வந்து சேரும் பொதிக்கும் இடையில் உள்ள அந்தக் குறுகிய வழியில்தான் தாக்குதல் நடந்தது. திறந்திருப்பது மட்டுமே பாதுகாப்பு என்று நம்பியவர்களுக்கு இது ஒரு பாடம். மூலநிரல் பொதுவுடைமையாக இருந்தாலும், அது பொதியாகி, களஞ்சியத்தில் ஏறி, பயனரை அடையும் பாதை யாருடைய கையில், எவருடைய உழைப்பில் நடக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பொதி கட்டும் உழைப்பு

ஒரு வார இதழை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கட்டுரைகள் எழுதி முடித்தவுடன் இதழ் வெளிவந்துவிடுவதில்லை. மெய்ப்புத் திருத்த வேண்டும், பக்கம் அமைக்க வேண்டும், அச்சேற்ற வேண்டும், எண்ணிக் கட்டி, கிளைவாரியாக முகவரி ஒட்டி, இரவு வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றும் தோழர் ஒரு வாரம் வரவில்லையென்றால் தலையங்கம் எத்தனை கூர்மையாக இருந்தும் பயனில்லை.

கட்டற்ற மென்பொருளிலும் அதுவே நிலை. நிரல் எழுதுவது ஒரு வேலை. அதற்குப் பதிப்பு எண் இட்டு, முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று குறிப்பு எழுதி, அது சார்ந்திருக்கும் பிற மென்பொருள்களோடு பொருந்துகிறதா என்று பார்த்து, உரிமத்தைச் சரிபார்த்து, மின்கையொப்பமிட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுவது வேறு வேலை. ஏற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. எங்கோ ஒரு பழைய கணினியில் அது ஓடவில்லை என்று வரும் முறையீட்டுக்கு விடை சொல்ல வேண்டும். பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் நள்ளிரவிலும் திருத்திய பதிப்பை வெளியிட வேண்டும். 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் மென்பொருளில் பெருங்குறை வெளிப்பட்டபோது, உலகெங்கும் நிறுவனங்கள் பதறின. அதைத் திருத்திப் புதிய பதிப்புகளை அடுத்தடுத்து வெளியிட்டவர்கள் ஒரு சில தன்னார்வலர்கள்.

‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியில் போக்குவரத்துத் தொழிலை உற்பத்தியின் தொடர்ச்சியாகவே மார்க்ஸ் கருதுகிறார். பொருள் நுகரப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அதன் பயன்மதிப்பு நிறைவு பெறுகிறது. மென்பொருளின் பொதி கட்டும் உழைப்பும் அந்த வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்பதால் அதற்குப் புகழும் குறைவு, ஊதியமும் பெரும்பாலும் இல்லை.

மொழிபெயர்ப்பு அதிலும் பின்வரிசை. கட்டற்ற மென்பொருள்களில் புதிய பதிப்பு வெளிவரச் சில வாரங்கள் முன்பு, திரையில் தோன்றும் சொற்றொடர்களை இனி மாற்றக் கூடாது என்று தடை போடும் நல்ல வழக்கம் பலவற்றில் உண்டு. அந்த இடைவெளியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் தன்னார்வலர்கள் புதிய சொற்றொடர்களை மொழிபெயர்த்து அனுப்புகிறார்கள். தங்கள் நாட்காட்டியில் மொழிபெயர்ப்பாளருக்கென்று சில வாரங்களை ஒதுக்கத் தெரிந்த ஒரு கூட்டுழைப்பு மதிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. “நாளை காலைக்குள் வேண்டும்” என்ற குரலைக் கேட்டுப் பழகிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது சற்றுப் பொறாமையையும் தரலாம்.

டெபியனின் அனுபவம்

களஞ்சியத்தைக் கூட்டாக நடத்த முடியுமா என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நடைமுறை விடை ஒன்று இருக்கிறது. 1993 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் பல நாடுகளிலிருந்து அதை நடத்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் சுமார் 70,000 பொதிகள் உள்ளன. உபுண்டு உள்ளிட்ட எத்தனையோ இயங்குதளங்கள் டெபியனின் தோள் மீது நிற்பவை.

இது தானாக நிகழ்ந்ததன்று. ‘சுதந்திரமான மனிதர்கள் கூடினால் எல்லாம் தானே ஒழுங்காகும்’ என்ற அராஜகவாத நம்பிக்கைக்கு டெபியன் சான்றாகாது. அதற்கு 1997இல் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1998இல் ஓர் அமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. தலைவர் ஆண்டுதோறும் உறுப்பினர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவரது முடிவையும் உறுப்பினர்களின் பொதுத் தீர்மானத்தால் மாற்றலாம். புதிதாக உறுப்பினராக விரும்புபவர் ஏற்கெனவே உள்ளவர்களால் அடையாளம் உறுதி செய்யப்பட வேண்டும்; அவரது வேலையும், திட்டத்தின் கோட்பாடுகளைப் பற்றிய புரிதலும் சோதிக்கப்படுகின்றன. கட்சி அமைப்பை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. குறைகளை மறைப்பதில்லை என்பது அந்தச் சமூக ஒப்பந்தத்தின் வாக்குறுதிகளில் ஒன்று. வந்த முறையீடுகள் அனைத்தும் எவரும் படிக்கும்படி திறந்தே இருக்கின்றன. தன் பண்டத்தின் குறைகளை வாசலில் எழுதி ஒட்டும் வணிக நிறுவனத்தைக் காண்பது அரிது.

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு டெபியனுக்குள் வரும்போது, முதலில் ‘நிலையற்ற’ பிரிவில் ஏறுகிறது. அங்கே சில நாட்கள் கடும் குறை எதுவும் எழாமல் இருந்தால் ‘சோதனை’ப் பிரிவுக்குப் போகிறது. ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை, பல மாதங்கள் புதியன ஏற்பதை நிறுத்தி, குறைகளைக் களைந்து, சோதனைப் பிரிவை ‘நிலையான’ பதிப்பாக வெளியிடுகிறார்கள். சந்தையின் அவசரத்துக்கு இது பொறுக்க முடியாத மந்தம். ஆனால் எக்ஸ்இசட்டின் நச்சுப் பதிப்பு முதல் இரண்டு பிரிவுகளைத் தாண்டவில்லை. கோடிக்கணக்கானோர் சார்ந்திருக்கும் நிலையான பதிப்பை அது எட்டுவதற்கு முன்பே பிடிபட்டது. ஃபிராய்ண்ட் அதைக் கண்டதும் டெபியனின் நிலையற்ற பிரிவை ஓட்டிய கணினியில்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஃபிராய்ண்ட் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஊழியர். ஆக, பெருநிறுவனம்தானே உலகைக் காத்தது என்று கேட்பார்கள். அவர் அங்கே கூலி பெறும் பொறியாளர் என்பது உண்மை. ஆனால் நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அதன் அடிவரை தோண்டிப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அந்த அரை நொடிக்கு எதிராக அவரால் ஒரு முறையீடுதான் அனுப்பியிருக்க முடியும். மேலும், இத்தனை பெரிய ஆபத்து ஒரு தனி மனிதரின் கூர்ந்த கவனத்தால், தற்செயலாகத் தவிர்க்கப்பட்டது என்பது எந்த அமைப்புக்கும் பெருமை சேர்ப்பதன்று.

டெபியனில் பராமரிப்பவர் கைவிட்ட பொதிகளுக்கு ‘அநாதை’ என்று பெயர். அவற்றின் பட்டியல் வெளிப்படையாக வைக்கப்பட்டு, தத்தெடுக்க ஆட்கள் அழைக்கப்படுகிறார்கள். அந்தப் பட்டியல் எப்போதும் நீளமானது. டெபியனில் பெண்கள் குறைவு. பணி செய்வோரில் பெரும்பகுதி செல்வ நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதன் ஆண்டு மாநாடுகளுக்குப் பெருநிறுவனங்களே நன்கொடை தருகின்றன. ஓய்வு நேரத்தை இலவச உழைப்பாக மாற்ற முடிந்தவர்களே இத்தகைய அமைப்பில் நீடிக்க முடிகிறது என்ற உண்மை இந்தக் குறைகளுக்கு எல்லாம் அடியில் இருக்கிறது. பகலில் இரண்டு வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவர் இரவில் பொதி கட்ட உட்காருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நிறுவனத்தின் கிடங்கு

மறுபக்கத்தில் இருப்பது ‘என்பிஎம்’. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான இந்தக் களஞ்சியம் ஒரு தன்னார்வ முயற்சியாகத் தொடங்கி, 2014இல் இடர் மூலதனத்தின் துணையோடு தனியார் நிறுவனமாயிற்று. களஞ்சியத்தில் இருந்த பொருள் சமூகத்தினுடையது. கிடங்கும் பூட்டும் மட்டும் நிறுவனத்தினுடையவை.

2016 மார்ச்சில் ஒரு நிரலாளர் வைத்திருந்த பொதியின் பெயரை ஒரு வணிக நிறுவனம் தன் வணிகப் பெயர் என்று கோரியது. என்பிஎம் நிர்வாகம் அந்தப் பெயரை நிறுவனத்துக்கே எடுத்துக் கொடுத்தது. வெறுத்துப்போன நிரலாளர் தன் 270க்கும் மேற்பட்ட பொதிகளை விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று ‘லெஃப்ட்பேட்’. ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை; மொத்தம் 11 வரிகள். அது போனவுடன் உலகின் பெரும் நிறுவனங்களில் மென்பொருள் கட்டும் வேலை பாதியில் நின்றது. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அந்தப் பொதியை மீண்டும் நிறுவியது. படைத்தவர் விலக்கியதை அவர் விருப்பத்துக்கு மாறாகத் திரும்ப வைத்தார்கள். தொழில்நுட்ப நோக்கில் அது சரியான முடிவாகவே இருக்கலாம்; உரிமம் அதற்கு இடம் தந்தது. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு முடிவுகளிலும் யார் குரல் எடுபட்டது, யார் குரல் எடுபடவில்லை என்பதைப் பார்த்தால் கிடங்கின் வர்க்கத் தன்மை விளங்கிவிடும். டெபியனில் இத்தகைய பூசல்கள் எழாமலில்லை. அவற்றைத் தீர்க்க விதி உண்டு, குழு உண்டு, இறுதியில் வாக்கெடுப்பு உண்டு. என்பிஎம்மில் இருந்தது நிர்வாகத்தின் முடிவு.

2019இல் அதே நிறுவனம் ஊழியர்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. தொழிற்சங்கம் அமைக்க முயன்றதற்காகவே தாங்கள் நீக்கப்பட்டதாக மூவர் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தில் முறையிட்டனர். பின்னர் அது உடன்பாட்டில் முடிந்தது. 2020இல் கிட்ஹப் நிறுவனம் என்பிஎம்மை வாங்கிற்று. அந்தக் கிட்ஹப்பை 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது மைக்ரோசாஃப்ட். லினக்ஸைப் புற்றுநோய் என்று ஒரு காலத்தில் தன் தலைமை அதிகாரியின் வாயால் வசை பாடிய நிறுவனம், இன்று கட்டற்ற மென்பொருளின் மிகப் பெரிய பட்டறைக்கும் மிகப் பெரிய கிடங்கு ஒன்றுக்கும் உடைமையாளர். மூலதனம் தன் எதிரியை அழிக்க முடியாதபோது அதற்கு வாடகை வீடு கொடுத்து அருகிலேயே குடிவைத்துக்கொள்கிறது.

அந்தக் கிடங்கில் பொதி ஏற்றிய நொடியிலேயே உலகமெங்கும் போய்விடும். இடையில் காத்திருப்பு இல்லை, இரண்டாவது கண் இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலை நம்பித் தன் கணக்கைப் பறிகொடுத்தார். வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்படும் 18 பொதிகளில் திருட்டு நிரல் ஏறியது. சில மணி நேரத்தில் அது அகற்றப்பட்டது என்று ஆறுதல் சொன்னார்கள். வேகம் வேண்டும் என்று கிடங்கைத் திறந்து வைத்தது நிறுவனம். போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்தார் என்ற பழி தனி மனிதருக்கு.

மூலதனத்துக்கு ஒரு கொடை

ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருள்களை ஒரு முறை மீண்டும் எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அவை இல்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். இந்தப் பயனில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெறும் 5 விழுக்காடு நிரலாளர்களின் உழைப்பிலிருந்து வருகிறது. முதலாளித்துவப் பள்ளியிலிருந்தே வந்த கணக்கு என்பதால் இதை எவரும் இடதுசாரிப் பரப்புரை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதை ‘உபரி மதிப்பு’ என்று அவசரப்பட்டு அழைப்பது கோட்பாட்டுப் பிழை. கூலிக்கு விற்கப்படாத உழைப்பு இது. ஊதியம் கொடுத்து வாங்கிய உழைப்புச் சக்தியிலிருந்து உபரி பிழியப்படும் இயக்கம் இங்கே நேரடியாக இல்லை. இயற்கையின் ஆற்றல்களும் அறிவியலும் முதலாளிக்குச் செலவின்றிக் கிடைப்பவை என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டியதுதான் இதற்கு நெருக்கமானது. ஆறு ஓடுகிறது, ஆலை அதன் கரையில் நீர் எடுக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: இந்த ஆற்றுக்கு இரவில் தூக்கம் வேண்டும், மாத வாடகை கட்ட வேண்டும். வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பு எப்படி மூலதனத்தின் கணக்கேட்டில் ஏறாமல் அதைத் தாங்கி நிற்கிறதோ, அப்படியே பராமரிப்பாளரின் உழைப்பும் நிற்கிறது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரம்பும் இங்கேதான் தெரிகிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது அவர் முன்வைத்தது பயனரின் உரிமை: இயக்க, படித்துப் பார்க்க, மாற்ற, பகிர. அது வரலாற்றில் முற்போக்கான அடி. அறிவை வேலிபோட்டு அடைத்த காலத்தில் வேலியைச் சட்டத்தைக் கொண்டே உடைத்தார்கள். ஆனால் ஆக்குபவரின் வாழ்வாதாரம் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற புதுப் பெயர் புழக்கத்துக்கு வந்தபோது, வணிக உலகை அச்சுறுத்தாமல் இருக்க ‘உரிமை’ என்ற சொல்லையும் கைவிட்டார்கள். அதன் விளைவுதான் மேலே சொன்ன 8.8 லட்சம் கோடி.

ஏகாதிபத்தியத்தின் விரல்

கிடங்கு எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதும் அற்பமான கேள்வியன்று. 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய பகுதிகளின் நிரலாளர்களின் கணக்குகளுக்குக் கிட்ஹப் கட்டுப்பாடு விதித்தது. ஈரானுக்கு 2021இல் அமெரிக்க அரசின் உரிமம் பெற்றுத்தான் மீண்டும் கதவைத் திறந்தது. 2024 அக்டோபரில் லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் தடைச் சட்டங்களின் பெயரால் நீக்கப்பட்டன. அவர்கள் எழுதிய நிரலில் குற்றம் காணப்படவில்லை. பிறந்த இடமும் வேலை செய்யும் இடமுமே போதுமான காரணங்களாயின.

பைத்தான் மொழியின் களஞ்சியமான பைபிஐயை நடத்துவது ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளை. அந்தக் களஞ்சியத்துக்குள் நச்சுப் பொதிகள் ஏறுவதைத் தடுக்கும் பணிக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடமிருந்து 15 லட்சம் டாலர் மானியம் அதற்குக் கிடைக்கவிருந்தது. ஆண்டு வரவுசெலவு சுமார் 50 லட்சம் டாலர் மட்டுமே உள்ள அமைப்புக்கு இது பெருந்தொகை. ஆனால் டிரம்ப் ஆட்சியின் நிபந்தனை ஒன்று அதனுடன் வந்தது: பன்மைத்துவம், சமவாய்ப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் எந்தத் திட்டத்தையும் அந்த அமைப்பு நடத்தக் கூடாது. மானியத்தில் நடக்கும் வேலைக்கு மட்டுமன்று, அமைப்பின் எல்லா வேலைகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். 2025 அக்டோபரில் அந்த அறக்கட்டளை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் களஞ்சியத்தின் காவலுக்குப் பணம் வேண்டுமென்றால் பெண்களையும் கறுப்பின மக்களையும் வரவேற்பதை நிறுத்து என்கிறது ஓர் அரசு. முடியாது என்று சொல்லும் நெஞ்சுரம் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு இருந்திருக்கிறது. இதே காலத்தில் அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் பல இதே திட்டங்களைத் தாமாகவே சுருட்டி வைத்தன.

கேரளமும் ஒன்றிய அரசும்

இந்தியாவில் இந்தக் கேள்வி முதலில் வகுப்பறையில்தான் எழுந்தது. கேரளத்தில் 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியபோது, பாடத்திட்டம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மூடிய மென்பொருளைச் சுற்றி அமைவதை இடதுசாரி ஆசிரியர் இயக்கம் எதிர்த்தது. அதே 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. 2006இல் தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்தபின் பள்ளிகள் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, மலையாளத்தில் கற்பிக்கத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, அரசின் ‘கைட்’ நிறுவனமே தனக்கென ஓர் இயங்குதளப் பதிப்பைக் கட்டி வெளியிடுகிறது. இரண்டு லட்சம் கணினிகளில் அது நிறுவப்படுவதாகவும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் அந்நிறுவனம் 2019இல் கூறியது. பணம் மிச்சமானதைவிட, பதிப்புகளைத் தாமே கட்டும் திறன் அரசுக் கல்வித் துறைக்குள் வளர்ந்ததுதான் நிலைக்கும் பயன். ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ தன்னார்வலர்கள் வரைந்த மலையாள எழுத்துருக்கள் டெபியன் களஞ்சியத்தில் பொதியாக இருக்கின்றன. உலகில் எந்த மூலையில் டெபியன் நிறுவப்பட்டாலும் அவற்றை அங்கே எடுத்துக்கொள்ளலாம். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது அது கொச்சியில் நடந்தது தற்செயலன்று.

ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 2015இல் ஒன்றிய அரசு ஒரு கொள்கையும் அறிவித்தது. கொள்கை நல்லது. ஆனால் அதன் அக்கறை எடுத்துப் பயன்படுத்துவதில் இருக்கிறது. எடுக்கப்படும் பொதிகளைக் கட்டுபவர் யார், அவர் எதைத் தின்று உயிர் வாழ்கிறார் என்பதில் இல்லை. நிறுவனங்களுக்கு இலவச நிலமும் வரிவிலக்கும் அள்ளித் தரும் ஆட்சியாளர்கள், பொதுக் களஞ்சியத்துக்கு ஒரு பொறியாளரை அனுப்புவதைப் பற்றிப் பேசுவதில்லை. ‘தற்சார்பு’ முழக்கம் மேடையில் ஒலிக்கிறது. நாட்டின் கட்டணமுறையும் அடையாள அட்டையும் வரிக்கணக்கும் ஓடும் கணினிகளில் எவரோ ஊதியமின்றிக் கட்டிய பொதிகள் ஓடுகின்றன.

ஜெர்மனியில் 2022இல் அரசு நிதியில் ‘சாவரின் டெக் ஃபண்டு’ என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. பொதுப் பயன்பாட்டில் உள்ள அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்கே அது பணம் கொடுக்கிறது. புதிய செயலி கண்டுபிடி, போட்டியில் வெல் என்று கேட்காமல், ஏற்கெனவே ஓடுவதை ஓட வைக்கும் வேலைக்கு ஊதியம் தருகிறது. ஒரு முதலாளித்துவ அரசே தன் நலன் கருதி இதைச் செய்ய முடிகிறது. அது சோஷலிசமன்று, பாலத்துக்குப் பழுது பார்ப்பவர் வேண்டும் என்ற எளிய அறிவு.

இந்தியாவில் அதைக் கோருவதற்குத் தயங்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கென்று மாநில, ஒன்றிய அரசுகளின் துறைகள் செலவிடும் தொகையில் ஒரு பங்கு அவை சார்ந்திருக்கும் பொதுக் களஞ்சியங்களின் பராமரிப்புக்குப் போக வேண்டும். சி-டாக், தேசியத் தகவலியல் மையம், அரசுப் பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றில் டெபியன், பைத்தான் களஞ்சியங்களுக்கான பொதிப் பராமரிப்பு அலுவல் பணியாக, ஊதியத்தோடும் பதவி உயர்வுக் கணக்கோடும் ஏற்கப்பட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு முழுப் படிக் கிடங்கு பொதுத்துறையில் இருக்க வேண்டும். எந்த நாட்டின் தடைச் சட்டமும் அதைப் பூட்ட முடியாது. பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் புனேவிலும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்கள் வேலை நேரம் குறித்தும் ஆட்குறைப்பு குறித்தும் நிர்வாகத்தோடு பேசும்போது, இன்னொரு கோரிக்கையையும் பட்டியலில் சேர்க்கலாம்: நிறுவனம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளில் ஊழியர் செய்யும் திருத்தமும் வெளியீட்டு வேலையும் வேலை நேரத்துக்குள், அவருடைய பெயரிலேயே நடக்க வேண்டும். பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்கள் இன்று ஊழியர் ஓய்வு நேரத்தில் எழுதியதையும் நிறுவனத்தின் சொத்தாக்குகின்றன; முதலில் நீக்கப்பட வேண்டியது அந்தப் பிரிவு.